ஸ்ரீரங்கப்பட்டணத்து மருந்துக் கிடங்குகள்

காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்து ஓடும் தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் மைசூர் அரசை ஆண்ட காலத்தில் அந்தத் தீவுக் கோட்டைக்குள் வெடிமருந்தைப் பாதுகாக்கத் தனிக் கட்டடங்கள் எழுந்தன. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருக்கும்படி கட்டப்பட்டவை அவை. 1799 மே மாதம் கோட்டை பிரிட்டிஷார் கைக்குப் போனபோது எடுத்த கணக்கில் 11 பெரிய மருந்துக் கிடங்குகளும், அன்றாடச் செலவுக்கென மருந்தும் குண்டும் வைத்திருந்த 72 சிறு கிடங்குகளும் இருந்தன. அவற்றில் சில இன்றும் நிற்கின்றன. ஒன்று மட்டும் தான் கட்டப்பட்ட இடத்தில் இல்லை. 2017இல் அதைப் பெயர்த்து, முழுசாகவே நகர்த்தி, வேறிடத்தில் வைத்தார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகிறவர்கள் அரங்கநாதர் கோயில், தரியா தௌலத் மாளிகை, கும்பஸ் கல்லறை மண்டபம், திப்பு விழுந்த இடம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மருந்துக் கிடங்குகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. அவற்றில் சிற்பம் கிடையாது, ஓவியம் கிடையாது, அரச பவுசு எதுவும் கிடையாது. ஆனால் மைசூர் அரசு முப்பது ஆண்டுக் காலம் கிழக்கிந்தியக் கம்பெனியை எப்படி எதிர்த்து நின்றது என்பதற்கு மாளிகைகளைவிட இந்தக் கட்டடங்களே நல்ல சாட்சி.

வெடிமருந்தின் இயல்பு தெரிந்தால்தான் இவற்றின் அமைப்பு விளங்கும். அந்தக் காலத்துக் கருமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து பங்கு கரி, பத்துப் பங்கு கந்தகம் என்பது பொதுவான அளவு. பழைய மாட்டுத் தொழுவங்களின் மண், ஊர்களின் உவர்மண் ஆகியவற்றை நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி வெடியுப்பை எடுப்பார்கள். கரியை எங்கும் சுட்டுக்கொள்ளலாம். கந்தகம் பெரும்பாலும் கடல் வழியாக வர வேண்டும். ஆகவே ஒரு பீப்பாய் மருந்து என்பது பல ஊர் மக்களின் பல மாத உழைப்பு. ஒரு மழைக்காலத்தில் அது நமத்துப்போனால் அடுத்த போருக்கு அரசன் வெறுங்கையோடுதான் நிற்க வேண்டும்.

ஈரம் அதற்கு ஒரு பகை. நெருப்பு இன்னொரு பகை. ஈரத்துக்கு அஞ்சிக் காற்றோட்டம் வைக்க வேண்டும். நெருப்புக்கு அஞ்சித் திறப்பே இல்லாமல் அடைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளையும் ஒரே கட்டடத்துக்குள் அடக்குவதுதான் மருந்துக் கிடங்கு கட்டும் கலை. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் தெரிந்திருக்கும். அங்கே மருந்து கலக்கும் அறைகள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் தனித்தனியாக நிற்கும்; இரும்புச் சாமான் உள்ளே போகாது. பழைய கோட்டைகளிலும் அதே கட்டுப்பாடுதான். பீப்பாய்களுக்குச் செப்பு வளையம், ஆணிகளும் செம்பு, அள்ளுவதற்கு மரக்கரண்டி. உள்ளே போகிறவர் காலணியைக் கழற்றிவிட வேண்டும். வெடியுப்பு அடியில் தங்கிப் பிரிந்துவிடாமல் இருக்க அவ்வப்போது பீப்பாய்களைப் புரட்டி வைப்பார்கள்.

இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பிய நகரங்கள் நன்றாக அறிந்திருந்தன. 1654 அக்டோபர் 12 அன்று ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு மருந்துக் கிடங்கு வெடித்தது. அதில் இருந்தது ஏறத்தாழ 40 டன். ஊரின் ஒரு பகுதி தரைமட்டமானது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஓவியர் கரேல் ஃபப்ரீஷியஸ் அவர்களில் ஒருவர். 1769இல் இத்தாலியின் பிரெஷா நகரில் மருந்து வைத்திருந்த இடத்தில் மின்னல் விழுந்து பெருநாசம் விளைந்தது. டெல்ஃப்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் மருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தது. அதைச் சுற்றி அரண்மனையும் கோயிலும் மசூதியும் கடைத்தெருவும் ஆயிரக்கணக்கான வீடுகளும் இருந்தன. அவ்வளவையும் மண்ணுக்கு மேலே வைக்க எந்த அரசும் துணியாது.

மைசூர் அரசின் இந்தத் தேர்ச்சி தமிழ் மண்ணில்தான் தொடங்கியது. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக (படைத் தலைவராக) அனுப்பப்பட்டார். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை ஒன்றை அமைத்தார். பீரங்கி, மருந்து, குண்டு ஆகியவற்றை வெளியில் வாங்குவதைவிடத் தானே செய்துகொள்வதே மேல் என்ற முடிவு அந்த மலைக்கோட்டையில் எடுக்கப்பட்டது. திண்டுக்கல் கோட்டையில் மருந்துக் கிடங்கு இன்றும் இருக்கிறது. இரட்டைச் சுவர், காற்று வந்துபோக வட்டத் துளைகள், மழைநீர் கசியாதபடி சரித்துக் கட்டிய கூரை என்று முன்னே சொன்ன இரண்டு பகைகளையும் மனத்தில் வைத்தே அதைக் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போக முடியாதவர்கள் திண்டுக்கல் மலை ஏறினாலே அந்தக் காலத்துக் கிடங்கு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம்.

கணவரை இழந்து சிவகங்கைச் சீமையை விட்டு வெளியேறிய வேலு நாச்சியார் தங்கியிருந்த விருப்பாட்சியும் திண்டுக்கல் பக்கம்தான். ஹைதரின் படையுதவியோடு 1780இல் அவர் சிவகங்கையை மீட்டார். அப்போது அவர் படையைச் சேர்ந்த குயிலி தன் உடலில் தீ வைத்துக்கொண்டு கம்பெனியின் மருந்துக் கிடங்கில் குதித்தார் என்பது சிவகங்கைச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. படையின் உயிர் எங்கே இருக்கிறது என்று அன்றைய மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததை அந்தக் கதை காட்டுகிறது.

அதே 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் நடந்த போர் இன்னொரு விதத்தில் இதை உறுதிப்படுத்தியது. கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். சண்டை உச்சத்தில் இருந்தபோது பெய்லியின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. வெடியில் அணிகள் சிதறின. மிச்சமிருந்த துப்பாக்கிகளுக்கும் மருந்து இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் படையே இல்லாமல் போயிற்று. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு 1782இல் அங்கேயே இறந்தார். தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் இந்தப் போர் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள், நடுவே பல்லக்கில் பெய்லி, அருகே புகையும் தீயுமாக வெடிக்கும் மருந்து வண்டி. தன் வெற்றியை நினைவுகூரும் ஓவியத்தில் திப்பு அந்த வண்டிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். திறந்தவெளியில் நிற்கும் மருந்து எதிரிக்கே உதவும் என்பதை அவர் தம் கண்ணாலேயே பார்த்தவர்.

மைசூர்ப் படையின் மருந்துத் தேவை மற்ற அரசுகளின் தேவையைவிட அதிகம். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் போக, ராக்கெட்டுகளுக்கும் அது வேண்டியிருந்தது. மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழலுக்குள் மருந்தைத் திணித்து ஏவுவார்கள். அதற்கு முன் காகிதக் குழலும் மூங்கில் குழலும் வழக்கத்தில் இருந்தன. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கியதால் மைசூர் ராக்கெட் வெகுதூரம் பாய்ந்தது. இரண்டு கிலோமீட்டர் வரை எட்டியதாகக் குறிப்புகள் உண்டு. லண்டனின் வுல்விச்சில் பாதுகாக்கப்பட்ட ஒரு மைசூர் ராக்கெட்டின் குழல் 25 சென்டிமீட்டர் நீளம். அதோடு ஒரு மீட்டர் நீளமுள்ள வாள் தோல்வாரால் கட்டப்பட்டிருக்கிறது. பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், சித்திரதுர்க்கா, நகரா ஆகிய ஊர்களில் இவற்றைச் செய்யும் சாலைகள் இருந்தன. பெங்களூருவின் பழைய பேட்டையில் தாராமண்டல்பேட்டை என்ற பெயர் அந்தத் தொழிலின் மிச்சம். நகரச் சந்தையின் நெரிசலில் நடக்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. பெங்களூருவின் தேசிய விண்ணூர்தி ஆய்வகத்தில் பணியாற்றிய அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மா 1985இல் மைசூர் ராக்கெட்டுகளைப் பற்றி விரிவான ஆய்வறிக்கை எழுதி இந்த வரலாற்றை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

பெங்களூருக் கோட்டையும் பெரிய ஆயுதக் களம்தான். பீரங்கி வார்ப்பதும் குடைவதும் அங்கே நடந்தன. 1791 மார்ச் 7 அன்று கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் படை பேட்டையைப் பிடித்தது. மார்ச் 21 இரவு கோட்டையும் விழுந்தது. கோட்டைத் தலைவர் (கில்லேதார்) பகதூர் கான் சண்டையிட்டு மாண்டார். அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகைக்கு உள்ளாகி, மார்ச் மாதம் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு பாதி நாட்டை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அது தீரும்வரை இரண்டு மகன்கள் பிணை. பெங்களூரு பிறகு திரும்பக் கிடைத்தாலும், இனி நம்பிக்கை வைக்கத்தக்க கோட்டை தீவுக் கோட்டை ஒன்றுதான் என்ற நிலை வந்துவிட்டது. 1792க்கும் 1799க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் மதில்கள் பலப்படுத்தப்பட்டதும், அவ்வளவு மருந்து அங்கே குவிந்ததும் இதனால்தான்.

இனிக் கட்டடத்துக்கு வரலாம். நாற்புறமும் தடித்த செங்கல் சுவர். மேலே மரமோ ஓடோ கிடையாது. எரியக்கூடிய எதுவும் இல்லாத வளைவுக் கூரை. தரை மட்டத்திலிருந்து படிகள் கீழே இறங்கும். வாசல் சிறியது. மண்ணுக்குள் இறங்கிய பகுதிக்குச் சுற்றியுள்ள மண்ணே கவசம். எட்டத்திலிருந்து வரும் பீரங்கிக் குண்டு மதிலைத் தாண்டி விழுந்தாலும் நேராகச் சுவரில் மோத முடியாது. வளைவுக் கூரை தன் பாரத்தைச் சுவர்களுக்குத் தள்ளிவிடும். குண்டு விழுந்தால் அதன் அடியையும் அப்படியே பரப்பிவிடும். மே மாத வெயிலிலும் உள்ளே சூடு ஏறாது. சுண்ணாம்புப் பூச்சு காற்றின் ஈரத்தை ஓரளவு உறிஞ்சி வெளியே விடும். ஆற்றங்கரையில், அதுவும் நீரால் சூழப்பட்ட தீவில், மண்ணுக்குள் தோண்டி உலர்ந்த அறை அமைப்பது எளிய வேலை அல்ல. அந்தக் கொத்தர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் கட்டியது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் காவிரி வெள்ளத்தையும் தென்மேற்குப் பருவமழையையும் தாங்கி நின்றிருக்கிறது.

கிடங்குகளை ஒரே இடத்தில் குவிக்காமல் கோட்டைக்குள் பரவலாக அமைத்ததும் யோசித்துச் செய்ததுதான். ஒன்று வெடித்தாலும் மற்றவை தப்பும். பெரிய கிடங்கில் மொத்த இருப்பு இருக்கும். மதிலை ஒட்டிய சிறு கிடங்குகளில் அன்றன்றைய செலவுக்கு மட்டும் வைப்பார்கள். சண்டையின் நடுவே பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டிய இந்தச் சிறு கிடங்குகள்தான் பலவீனமான இடம். 1799இல் அடி அங்கேதான் விழுந்தது.

அந்த ஆண்டு ஜெனரல் ஹாரிஸ் தலைமையில் கம்பெனிப் படையும் ஹைதராபாத் நிஜாமின் படையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தன. ஏப்ரல் 5 இரவு சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்கப் போன ஆர்தர் வெல்லெஸ்லியின் படை ராக்கெட்டுகளாலும் துப்பாக்கிச் சூட்டாலும் நிலைகுலைந்து திரும்பியது. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு என்ற பேரோடு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவரே. ஆனால் ஹாரிஸுக்குக் காலக்கெடு இருந்தது. பருவமழை தொடங்கிக் காவிரியில் வெள்ளம் வந்துவிட்டால் தீவை நெருங்க முடியாது. மே மாதத் தொடக்கத்தில் பீரங்கிகள் மேற்கு மதிலை இரவு பகலாக அடித்தன. மே 2 அன்று ஒரு குண்டு கோட்டைக்குள் ராக்கெட்டுகள் வைத்திருந்த கிடங்கில் விழுந்தது. பெரும் ஓசையோடு அது வெடித்தது. இரண்டு நாள் கழித்து, மே 4 பிற்பகல் ஒரு மணி அளவில், டேவிட் பெயர்ட் தலைமையில் படை ஆற்றைக் கடந்து, உடைந்த மதில் வழியாக உள்ளே நுழைந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது. திப்பு சண்டையிட்டு விழுந்தார்.

வென்றவர்கள் எடுத்த கணக்கு ஒரு போர் அரசின் முழு இருப்பையும் காட்டுகிறது. 929 பீரங்கிகள். 4,24,400 இரும்புக் குண்டுகள். 99,000 துப்பாக்கிகள். 5,20,000 பவுண்டு, அதாவது 235 டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்து. ஏவுவதற்குத் தயாராக 700 ராக்கெட்டுகளும், மருந்து நிரப்பாத 9,000 ராக்கெட்டுகளும், அவற்றை ஏவும் 600 சாதனங்களும். கிடங்குகளில் மருந்து இன்னும் ஏராளமாகவே இருந்திருக்கிறது. மருந்து தீர்ந்து கோட்டை விழவில்லை. மதில் உடைந்து, உள்ளே இருந்தவர்கள் சிலர் கைவிட்டு, கோட்டை விழுந்தது. கிடங்குகளைக் கட்டியவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். ஒரு மாத முற்றுகையிலும் பெரிய கிடங்கு வெடித்து ஊர் அழியவில்லை.

கிடங்குகளிலிருந்து எடுத்த ராக்கெட்டுகளில் சில வுல்விச்சின் ஆயுதச் சாலைக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் ஆயுத வல்லுநர் வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து தம் ராக்கெட்டை உருவாக்கினார். 1806இல் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்தின்மீதும் 1807இல் கோபன்ஹேகன்மீதும் அவை பொழிந்தன. அமெரிக்காவில் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போயிருந்த இளம் அப்துல் கலாம், திப்புவின் ராக்கெட் படை போரிடும் ஓவியம் ஒன்று அங்கே மாட்டப்பட்டிருந்ததைக் கண்டு வியந்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய கம்பெனிப் படையைக் காய்ச்சல் வாட்டியது. 1809இல் படை பெங்களூருக்கு இடம் மாறியது. அதிலிருந்துதான் பெங்களூருத் தண்டு (படைக் குடியிருப்பு) வளர்ந்தது. தமிழ்ச் சிப்பாய்களும் வணிகர்களும் தொழிலாளிகளும் திரளாக அங்கே குடியேறியதற்கும் அந்தத் தண்டே காரணம். பெங்களூருக் கோட்டை 1888 வரை பிரிட்டிஷாரின் ஆயுதக் கிடங்காக இருந்தது. பின்பு அதன் மதில்கள் இடிந்தும் இடிக்கப்பட்டும் இன்று தில்லி வாசலும் அதை ஒட்டிய சிறு பகுதியும்தான் மிச்சம். 2012இல் மெட்ரோ ரயிலுக்காக அந்தப் பக்கம் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய பீரங்கிகள் வெளிவந்தன.

அதைவிடப் பெரிய கண்டெடுப்பு 2018 ஜூலையில் நடந்தது. சிவமொக்கா மாவட்டத்து நகராவை ஹைதர் 1763இல் கைப்பற்றினார். பழைய பெயர் பிதனூர். அங்கே ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது சேற்றில் வெடிமருந்து வாடை அடித்தது. கர்நாடகத் தொல்லியல் துறையினர் மேலும் தோண்டினார்கள். துருவேறிய இரும்புக் குழல்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. அத்தனையும் திப்பு காலத்து ராக்கெட்டுகள். உள்ளே மருந்துக் கலவை இன்னும் இருந்தது. 2002இலும் நகராவில் இப்படி ராக்கெட்டுகள் கிடைத்ததுண்டு. உலகில் வேறெங்கும் அந்தக் காலத்து இரும்பு ராக்கெட்டுகள் இத்தனை ஒரே இடத்தில் கிடைத்ததில்லை. சிவமொக்காவின் சிவப்ப நாயக்கர் அருங்காட்சியகத்தில் அவற்றை வைத்திருக்கிறார்கள்.

மருந்தை மண்ணுக்குள் வைக்கும் வழக்கம் கருமருந்தோடு முடிந்துவிடவில்லை. மும்பை மலபார் ஹில்லில் உள்ள ஆளுநர் மாளிகைக்கு அடியில் 2016 ஆகஸ்டில், சுவர் எழுப்பி அடைத்திருந்த சுரங்க அறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 150 மீட்டர் நீளம், 13 அறைகள், இருபது அடி உயர வாசல். எறிகுண்டு வைக்கும் அறை, தோட்டா அறை, குண்டை மேலே ஏற்றும் இயந்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியிருந்தது. கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகளுக்காக பிரிட்டிஷார் அமைத்த கிடங்கு அது. 2019 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கைவிடப்பட்ட சுரங்கங்களையே குண்டுக் கிடங்குகளாக்கியது. ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஃபால்ட் என்ற இடத்து ஜிப்சம் சுரங்கத்தில் விமானப்படை வைத்திருந்த குண்டுகள் 1944 நவம்பர் 27 காலை வெடித்தன. வெடித்தது 3,500 டன்னுக்கும் மேல். எழுபது பேர் அளவில் மாண்டார்கள். மேலே இருந்த ஒரு பண்ணை வீடு சுவடில்லாமல் மறைந்தது. 30 மீட்டர் ஆழப் பள்ளம் இன்றும் அங்கே இருக்கிறது. பழுதான ஒரு குண்டிலிருந்து வெடிப்பானைப் பெயர்த்தபோது தக்க கருவியைப் பயன்படுத்தாததே காரணம் என்று கருதப்பட்டது. பல நூற்றாண்டாகக் காத்து வந்த விதியை ஒரு கை மறந்ததன் விளைவு.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கிடங்குகளுக்கு வேறொரு திசையிலிருந்து ஆபத்து வந்தது. 1880களின் தொடக்கத்தில் போடப்பட்ட பெங்களூரு–மைசூரு ரயில் பாதை பழைய கோட்டையை ஊடறுத்துத்தான் போகிறது. பெங்களூரு நிலையத்தில் ஏறுகிறவர் சுமார் 125 கிலோமீட்டர் வந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கினால் கோட்டைக்குள்ளேயே இறங்குகிறார். நெடுங்காலம் ஒற்றைப் பாதைதான். இரட்டைப் பாதை போட முடிவானபோது, ஸ்ரீரங்கப்பட்டண நிலையத்துக்குப் பக்கத்தில் புதிய தண்டவாளத்துக்கு நேர் குறுக்கே ஒரு மருந்துக் கிடங்கு நின்றது. மற்ற இடங்களில் வேலை முடிந்தும் அங்கே மட்டும் நின்றுபோனது. இடித்துவிடலாம் என்பதைத் தொல்லியல் துறை ஏற்கவில்லை. பாதையை வளைக்கவும் இடமில்லை. பல ஆண்டு இழுபறிக்குப் பின், கட்டடத்தை அப்படியே நகர்த்துவது என்று தீர்மானமாயிற்று.

தில்லியைச் சேர்ந்த பிஎஸ்எல் என்ஜினியரிங் நிறுவனமும், பழைய கட்டடங்களை நகர்த்துவதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்காவின் வுல்ஃப் நிறுவனமும் சேர்ந்து இந்தப் பணியை மேற்கொண்டன. செலவு 13 கோடி ரூபாய்க்கு மேல். கட்டடத்தின் எடை ஏறத்தாழ ஆயிரம் டன். முதலில் சுற்றிலும் மண்ணை அகற்றி, புதைந்திருந்த பகுதியை வெளியே கொண்டுவந்தார்கள். சுவர்கள் பிளந்துவிடாமல் கட்டி இறுக்கினார்கள். அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையிட்டு இரும்பு உத்தரங்களைச் செருகினார்கள். பிறகு ஹைட்ராலிக் ஜாக்கிகளால் நான்கு பக்கமும் ஒரே அளவாக உயர்த்தினார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஒரு மூலை சற்று முன்னதாக எழும்பினாலும் வளைவுக் கூரை விரிந்துவிடும். அதனால் எல்லா ஜாக்கிகளும் ஒன்றாகவே இயங்கும்படி செய்திருந்தார்கள். சக்கரங்களின்மேல் ஏற்றி, 2017 மார்ச்சில், அங்குலம் அங்குலமாகச் சுமார் 130 மீட்டர் தள்ளிப் புதிய இடத்தில் அமர்த்தினார்கள். கட்டடம் சிதையவில்லை. அதன் பழைய இடத்தில் இன்று இரண்டாவது தண்டவாளம் ஓடுகிறது.

ஒரு நினைவுச்சின்னத்துக்காக ரயில்வே இவ்வளவு பணமும் பொறுமையும் செலவழித்தது பாராட்டத்தக்கது. ஆனால் நகர்த்தப்பட்ட கிடங்குக்குக் கிடைத்த கவனம் நகராமல் நிற்கும் மற்றவற்றுக்குக் கிடைக்கவில்லை. சிலவற்றைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடக்கிறது. செங்கல் இடுக்கில் வேர் விட்ட ஆலும் அரசும், குண்டுக்கு அசையாத சுவரை மெல்லப் பிளந்துவிடும். பள்ளமான இடம் என்பதால் குப்பை கொட்டுகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டடங்கள் எவை, எங்கே, எதற்காக என்று ஊருக்கு வருகிறவர்களுக்குச் சொல்லும் பலகைகள் போதாது. கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் பலகை வைப்பது பொருத்தம். கோட்டைக்கு வருகிறவர்களில் தமிழர்கள் ஏராளம். திண்டுக்கல்லிலும் பொள்ளிலூரிலும் தொடங்கிய கதையின் முடிவு இங்கேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. புதர் வெட்ட வேண்டும். வேர்களைப் பிடுங்கி, சிமெண்ட்டைக் குழைத்து அப்பாமல் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும். மழைநீர் தேங்காமல் வடிகால் வெட்ட வேண்டும். மிச்சமுள்ள எல்லாக் கிடங்குகளையும் ஒரே பாதையில் நடந்து பார்க்கும்படி இணைக்கலாம். மாநிலத் தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் இதை அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். அடுத்த முறை ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் அந்த மருந்துக் கிடங்கைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கும் மாளிகைக்கும் போகலாம். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.